பிக்அப் டயர் ஏன் 'ஸ்பின்' ஆக மாட்டேங்குது? பவர் கம்மியா, இல்ல கணக்கே வேறயா?

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. வெளிநாட்டு பிக்அப் ஒன்று நின்ற இடத்திலேயே பின் டயரைச் சுழற்றும். புகை கிளம்பும், தார் ரோட்டில் கறுப்புக் கோடு விழும். அதே வேலையை நம்ம ஊர் பிக்அப்பில் லோடு வைத்துக்கொண்டு செய்து பார்த்தால் என்ன ஆகும்? இன்ஜின் உறுமும், கிளட்ச் கருகுற வாடை வரும், வண்டி மெல்ல முன்னால் நகரும். டயர் மட்டும் சுற்றாது.

ஆனால் அதே வண்டியை ஐப்பசி மழையில் திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் காட்டுப் பாதையில் இறக்கினால் கதை தலைகீழ். லேசாக ஆக்ஸிலேட்டரை மிதித்தாலே போதும், பின் சக்கரம் விர்ருன்னு சுற்றும். வண்டி ஒரு அடி நகராது.

தார் ரோட்டில் சுத்தாத டயர், சேத்துல மட்டும் சுத்துவது ஏன்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் பலர் ரீமேப், அகல டயர், கூடுதல் ஸ்பிரிங் பட்டை என்று பணத்தைக் கொட்டுகிறார்கள். மாதத் தவணை கட்டிக்கொண்டு சொந்தமாக வண்டி ஓட்டுபவருக்கு அது சின்னத் தொகை கிடையாது. எதுக்குச் செலவு பண்ணலாம், எதுக்குப் பண்ணக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

டயர் சுத்துறதை முடிவு பண்ணுவது எது?

இரண்டு விசைகளுக்கு நடுவே நடக்கும் போட்டிதான் இது.

முதலாவது, இன்ஜின் சக்கரம் வரை கொண்டு வந்து சேர்க்கும் இழுவிசை. இன்ஜினின் முறுக்குவிசை, அதாவது டார்க், கியர்பாக்ஸில் ஒரு முறை பெருகும். பின் ஆக்ஸிலில் இருக்கும் கிரவுன்-பினியனில் இன்னொரு முறை பெருகும். கடைசியில் டயரின் ஆரத்தால் வகுபடும். டயர் பெரிதாக இருந்தால் தரையில் கிடைக்கும் விசை குறையும்.

இரண்டாவது, டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. பின் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது, தரை எப்படிப்பட்டது என்ற இரண்டையும் பெருக்கினால் பிடிப்பின் அளவு கிடைக்கும். காய்ந்த தார் ரோட்டில் அந்த எடையில் சுமார் 70 சதவீதம் பிடிப்பாக மாறும். நனைந்த களிமண்ணில் 25 சதவீதம் கிடைத்தாலே பெரிது.

இழுவிசை பிடிப்பைத் தாண்டினால் டயர் நின்ற இடத்தில் சுற்றும். தாண்டாவிட்டால் வண்டி நகரும். அவ்வளவுதான் விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு

புரிந்துகொள்வதற்காக ஒரு பிக்அப்பை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் டார்க் 200 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 4. ஆக்ஸில் விகிதம் 4.5. டயரின் ஆரம் 33 சென்டிமீட்டர். நம்ம ரோட்டில் ஓடும் டீசல் பிக்அப்களுக்கு ஓரளவு நெருக்கமான அளவுகள் இவை.

200-ஐ 4-ஆலும், அதை 4.5-ஆலும் பெருக்கினால் 3,600. வழியில் உராய்வில் போகும் 10 சதவீதத்தைக் கழித்தால் 3,240. அதை டயரின் ஆரத்தால் வகுத்து, எளிதாகப் புரிய கிலோ கணக்கில் சொன்னால், தரையில் கிடைக்கும் இழுவிசை சுமார் 1,000 கிலோ.

இப்போது பிடிப்பைப் பார்ப்போம்.

* லோடு ஏற்றிய வண்டி, காய்ந்த தார் ரோடு: பின் ஆக்ஸிலில் 2,000 கிலோ. பிடிப்பு 1,400 கிலோ. இன்ஜினால் 1,000 தான் தர முடியும். டயர் சுற்றாது.
* காலி வண்டி, காய்ந்த தார் ரோடு: பின் ஆக்ஸிலில் 800 கிலோ. பிடிப்பு 560 கிலோ. முதல் கியரில் வேகமாகக் கிளட்ச்சை விட்டால் டயர் வழுக்கும்.
* லோடு ஏற்றிய வண்டி, நனைந்த கரிசல்: பிடிப்பு 500 கிலோ. டயர் சுற்றும், வண்டி நகராது.

மூன்று இடத்திலும் இன்ஜின் ஒன்றுதான். மாறியது எடையும் தரையும் மட்டுமே. காலி வண்டியில் டயரைச் சுழற்றிக் காட்டுபவரைப் பார்த்து 'என்னா பவர்' என்று வியக்க வேண்டியதில்லை. பின்னால் எடை இல்லை என்பதைத்தான் அவர் காட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்போ ரீல்ஸ்ல வர்ற வண்டி?

அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்அப்களில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கிடைக்கிறது. சுமார் 400 குதிரைத்திறன். பெரும்பாலும் காலிப் பெட்டியோடு, பின்பக்கம் லேசாக ஓடும் வண்டி அது. அதன் டயர் வழுக்குவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நம்ம ஊர் வண்டியின் பிறப்பே வேறு. தமிழ்நாட்டில் 'குட்டி யானை' என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ் 2005-ல் அறிமுகமானது. இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன். ஏற்றிக்கொள்ளும் சுமை 750 கிலோ. பல பைக்குகளைவிடக் குறைந்த பவர். ஆனாலும் முக்கால் டன் லோடை அது இழுத்தது. காரணம் கியர். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்கிக்கொண்ட வடிவமைப்பு அது.

லோடு வண்டியில் டயர் சுற்றாமல் இருப்பது, இன்ஜின் தரும் விசை முழுவதும் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது என்பதற்கு அடையாளம். மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் தக்காளி கொண்டுவரும் வண்டிக்கு அதுதான் தேவை.

கரிசல் மட்டும் ஏன் இப்படி?

மதுரை மாவட்டத்தில் மண் ஒரே மாதிரி இல்லை. தெற்கேயும் தென்மேற்கேயும் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். மேலூர் பக்கம் போனால் செம்மண் அதிகம்.

கரிசலில் தண்ணீரை உறிஞ்சி உப்பும் வகைக் களிமண் நிறைய இருக்கிறது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் உப்பி, பசை மாதிரி ஆகிவிடும். டயர் ஒரு சுற்று சுற்றியதுமே அந்தக் களி, டயர் கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு அது மொட்டை டயர் மாதிரிதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தார் ரோட்டில் வண்டி உருள அதிக விசை தேவைப்படாது. சேற்றில் சக்கரம் அழுந்துவதால், மொத்த எடையில் 15 சதவீதம் வரைகூட உருளுவதற்கே செலவாகலாம். மேலே சொன்ன வண்டியின் மொத்த எடை 3,100 கிலோ என்றால் 465 கிலோ விசை அதற்கே போய்விடும். கையில் இருக்கும் பிடிப்போ 500 கிலோ. மிச்சம் வெறும் 35 கிலோ. ஒரு சின்ன மேடு குறுக்கே வந்தாலும் வண்டி நின்றுவிடும்.

இந்த இடத்தில் இன்ஜின் பவரை இரண்டு மடங்கு ஆக்கினாலும் பலன் இல்லை. தரை 500 கிலோவுக்கு மேல் வாங்கிக்கொள்ளாது.

ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுத்துதே, ஏன்?

சேற்றில் மாட்டிய வண்டியைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஒரு பக்க டயர் பேய் மாதிரி சுற்றும். மறுபக்க டயர் அசையாமல் நிற்கும். வண்டியில் கோளாறு என்று பலர் நினைப்பார்கள். கோளாறு இல்லை, அது டிஃப்ரன்ஷியல் செய்யும் வேலை.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுவதற்காகவே பின் ஆக்ஸிலின் நடுவில் டிஃப்ரன்ஷியல் வைக்கப்பட்டிருக்கிறது. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும்.

சிக்கல் இங்கேதான். இடது சக்கரம் சேற்றில், வலது சக்கரம் காய்ந்த மண்ணில் என்று வையுங்கள். சேற்றில் இருப்பது 100 கிலோ விசைக்கே வழுக்கிவிடும். அப்போது வலது பக்கத்துக்கும் அதே 100 கிலோதான் போகும். அங்கே பிடிப்பு எவ்வளவு இருந்தாலும் அது வீண். பிடிப்பு குறைந்த சக்கரம்தான் வண்டியின் தலையெழுத்தை எழுதுகிறது.

வண்டி புதைஞ்சா என்ன செய்யணும்?

ஆக்ஸிலேட்டரை மேலும் மேலும் மிதிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. சுற்றும் டயர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். அஞ்சு நிமிஷத்தில் ஆக்ஸில் தரையில் உட்கார்ந்துவிடும். பிறகு டிராக்டர் வந்தால்தான் உண்டு.

டயர் சுற்றத் தொடங்கியதுமே காலை எடுத்துவிடுங்கள். அதன் பிறகு:

* டயருக்கு முன்னால் இருக்கும் சேற்றை மண்வெட்டியால் வழித்து, தென்னை மட்டை, சாக்கு, பலகை எது கிடைக்கிறதோ அதைத் திணியுங்கள். முள் இருக்கும் எதையும் போட வேண்டாம்.
* முடிந்தால் பாதி லோடை இறக்குங்கள். எடை கூடினால் பிடிப்பு கூடும் என்பது கெட்டியான தரைக்குப் பொருந்தும். சேற்றில் எடை கூடினால் வண்டி இன்னும் ஆழமாக அழுந்தும்.
* முதல் கியரில் சுற்றினால் இரண்டாம் கியரில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். இழுவிசை குறைவதால் டயர் வழுக்குவது குறையலாம்.
* ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால், ஹேண்ட் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்தலாம். சுற்றும் சக்கரத்துக்குப் பிரேக் எதிர்ப்புக் கொடுப்பதால் மறுபக்கத்துக்குக் கூடுதல் விசை போகும். சில நொடிகளுக்கு மேல் செய்தால் பிரேக் சூடாகிவிடும்.
* டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும். தார் ரோட்டுக்கு வந்ததும் உடனே பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு லோடு ஓட்டினால் டயர் சூடாகி வெடிக்கும் ஆபத்து உண்டு.
* வண்டிக்குப் பின்னால் நின்று யாரும் தள்ளக் கூடாது. டயருக்கு அடியில் வைத்த பலகை பின்பக்கமாகத் தெறிக்கும்.

உண்மையிலேயே இழுவை குறைஞ்சிருந்தா?

முன்பு சுலபமாக ஏறிய மேட்டில் இப்போது வண்டி திணறுகிறது என்றால் அது வேறு பிரச்சினை. அப்கிரேட் பற்றி யோசிக்கும் முன் இவற்றைச் சரி பாருங்கள்.

கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். செம்மண் பாதையிலும் குவாரிப் பக்கமும் ஓடும் வண்டிகளுக்கு இது சீக்கிரமே வரும். டீசல் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாயில் கசிவு இரண்டுமே இழுவையைக் குறைக்கும். பிரேக் சரியாக விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாலும் வண்டி திணறும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் சந்தேகம் அங்கேதான்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. ஏதாவது சென்சார் கோளாறு என்றால், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் முதலில் ஸ்கேன் செய்து பார்ப்பதே நல்லது.

அப்கிரேட்: காசுக்கு ஏத்தது எது?

டயர்: பெரும்பாலானவர்களுக்கு முதல் செலவு இதுதான். அதே சைஸில், பின்பக்கத்துக்கு ஆழமான கட்டைகள் உள்ள லக் டயர் போட்டால் மண் பாதையில் பிடிப்பு கூடும். கட்டைகளுக்கு இடையே இடைவெளி அதிகம் இருப்பதால் களி எளிதில் உதிரும். தார் ரோட்டில் சத்தம் வரும், கொஞ்சம் வேகமாகத் தேயும். முழுக்க நகருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இது தேவையில்லை. எந்த டயராக இருந்தாலும் கட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

பெரிய டயர்: பார்க்க கம்பீரமாக இருக்கும், இழுவை குறையும். டயரின் ஆரம் 10 சதவீதம் கூடினால் தரையில் கிடைக்கும் விசை சுமார் 9 சதவீதம் குறையும். மேலே சொன்ன 1,000 கிலோ, 910 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டரும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

ஆக்ஸில் விகிதம்: இழுவையை உண்மையிலேயே கூட்டும் வழி இது. 4.5 இருக்கும் இடத்தில் 5 போட்டால் எல்லா கியரிலும் 11 சதவீதம் இழுவை கூடும். பதிலுக்கு அதிகபட்ச வேகம் குறையும், நான்கு வழிச் சாலையில் டீசல் அதிகம் குடிக்கும். நிறுவனம் அங்கீகரித்த பாகம் இருந்தால் மட்டுமே யோசிக்க வேண்டிய விஷயம். புது வண்டி வாங்குபவர்கள், மாடல்களுக்கு இடையே இந்த விகிதத்தை ஷோரூமிலேயே கேட்டு ஒப்பிடலாம். குதிரைத்திறனைக் கேட்பவர்கள் அதிகம், இதைக் கேட்பவர்கள் குறைவு.

லாக் ஆகும் டிஃப்ரன்ஷியல்: ஒரு பக்கச் சக்கரம் வழுக்கினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் வசதி. சேற்றுக்கு நேரடித் தீர்வு இதுதான். டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற விலை உயர்ந்த பிக்அப்களில் இது வருகிறது. சாதாரண லோடு பிக்அப்களில் பொதுவாகக் கிடையாது.

4x4: முன் சக்கரமும் இழுத்தால் வண்டியின் மொத்த எடையும் பிடிப்புக்குக் கணக்கில் வரும். நம் உதாரணத்தில் நனைந்த கரிசலில் 500 கிலோவாக இருந்த பிடிப்பு 775 ஆகும். 35 கிலோ மிச்சம் 310 கிலோ மிச்சமாக மாறும். வருஷத்தில் பாதி நாள் தோட்டத்துக்குள் ஓடும் வண்டி என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. ஆண்டுக்கு நாலு நாள் சேற்றில் மாட்டுபவருக்கு, டிராக்டர் வாடகையே மலிவு.

ரீமேப்: இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றி டார்க்கைக் கூட்டுவது. டயர் வழுக்கும் இடத்தில் இதனால் எந்தப் பயனும் இல்லை என்பதை மேலே பார்த்தோம். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் பழைய அளவுக்குச் செய்யப்பட்டவை, கூடுதல் சுமை அவற்றின் மேல்தான் விழும். வாரண்டியும் கேள்விக்குறி ஆகும்.

கூடுதல் ஸ்பிரிங் பட்டை: வண்டி தாழாமல் நிற்பதால் அதிக லோடு தாங்கும் என்று தோன்றும். பிரேக், ஆக்ஸில், டயர் எதுவும் அதற்கேற்ப வலுவாவதில்லை. மலைப் பாதையில் இறங்கும்போதுதான் இதன் ஆபத்து தெரியும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதற்கு இழுவை வேண்டும். இறங்குவதற்கு பிரேக் வேண்டும்.

டிராக்டரிடம் கத்துக்க வேண்டியது

டிராக்டர் டயருக்குள் தண்ணீர் நிரப்புவதை விவசாயிகள் பலரும் பார்த்திருப்பார்கள். பின் சக்கரத்தின் எடையைக் கூட்டி, உழும்போது வழுக்காமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு அது. சேற்று வயலில் இரும்புச் சக்கரம் மாட்டுவதும் பிடிப்புக்காகத்தான். இன்ஜினைத் தொடாமலேயே வேலை நடக்கிறது.

பிக்அப்பில் அதே பாடத்தை லோடு அடுக்குவதில் பயன்படுத்தலாம். எல்லா எடையையும் பெட்டியின் கடைசியில் வைத்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. கனமான மூட்டைகளைப் பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் வருமாறு அடுக்கினால் பிடிப்பும் கிடைக்கும், ஸ்டியரிங்கும் கட்டுக்குள் இருக்கும்.

தை மாதத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களுக்குக் காளைகளை ஏற்றிச் செல்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காளை அசையும் சுமை. கிளட்ச்சைப் பட்டென்று விட்டாலோ, டயர் வழுக்கிப் பிறகு திடீரெனப் பிடித்தாலோ, முதலில் தடுமாறுவது பின்னால் நிற்கும் காளைதான். தரையில் வைக்கோலோ மணலோ பரப்பி, கியரை மெதுவாக மாற்றி ஓட்டுவதே அதற்குப் பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பு நிறுவனம் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

அனுமதி இல்லாத மாற்றம் செய்தால், 2019 சட்டத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். அதிக லோடு ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும்.

அதைவிடப் பெரிய அடி விபத்து நடந்தால் விழும். ஆர்சி புத்தகத்தில் இல்லாத மாற்றம் வண்டியில் இருந்தால் இன்சூரன்ஸ் தொகை கேட்கும்போது சிக்கல் வரலாம். ஆக்ஸில் போன்ற பெரிய மாற்றங்களுக்கு, செய்வதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

சுருக்கமா சொன்னா...

* லோடோடு தார் ரோட்டில் டயர் சுற்றவில்லை என்றால் வண்டி சரியாக இருக்கிறது. அதை மாற்ற ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.
* சேற்றில் டயர் சுற்றினால் பிடிப்புதான் பிரச்சினை. டயர், காற்று, லோடு அடுக்கும் விதம் என்ற வரிசையில் கவனியுங்கள். ரீமேப் உதவாது.
* மேடு ஏற முன்பைவிடத் திணறினால் பராமரிப்பைப் பாருங்கள். கிளட்ச், ஃபில்டர், பிரேக் முதலில்.
* புதிய வண்டி வாங்கும்போது குதிரைத்திறனோடு சேர்த்து டார்க், முதல் கியர் விகிதம், ஆக்ஸில் விகிதம், டயர் சைஸ் என நான்கையும் கேளுங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் செய்ய ஒரு வேலை உண்டு. பின் டயரின் கட்டை ஆழத்தைப் பாருங்கள், வண்டியில் ஒரு மண்வெட்டியும் இரண்டு பலகையும் போட்டு வையுங்கள். கரிசக்காட்டில் இரவு எட்டு மணிக்கு வண்டி புதைந்து நிற்கும்போது, எந்த ரீமேப்பையும்விட அந்த இரண்டு பலகைதான் வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும்.